ஊசியூரிலிருந்து திருவொற்றியூர் வரை

எங்கள் பெரியப்பா காலமான பிறகு அவருடைய சாமான்களைப் பங்கிட்டபோது, மற்றவர்கள் பித்தளை அண்டாவையும் ஊஞ்சற்பலகையையும் பற்றித் தாழ்ந்த குரலில் வாதாடிக்கொண்டிருக்க, ஒருவரும் கேளாமல் கொல்லையறையின் மூலையில் கிடந்த பச்சைத் தகரப் பெட்டி ஒன்றும், அதற்குப் பக்கத்தில் கோணிச் சாக்கு போர்த்தி நின்றிருந்த புல்லட் மோட்டார் சைக்கிளும் என் பாகத்துக்கு வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் மண்ணெண்ணெய் வாசனை மாறாத பத்துப் பன்னிரண்டு ஸ்பேனர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் மேல் 3/8 டபிள்யூ என்று பொறித்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்தில் ஒருநாள் அதன் வாயை அடிக்கோலால் அளந்து பார்த்தேன். முக்கால் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த வாய்க்கு எட்டில் மூன்று என்று பெயர் வைத்தவன் கணக்கில் தவறியவனாகத்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, அந்தக் கண்டுபிடிப்பைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. "தலையை அளக்காதேடா, உடம்பை அள" என்று மட்டும் சொன்னார். போல்ட்டின் தலை எவ்வளவு அகலமாயிருந்தாலும், மரை வெட்டிய அதன் தண்டின் கனமே ஸ்பேனருக்குப் பெயராகிறது என்பது அந்த வாக்கியத்தின் பொருள். அது விளங்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

அந்த ஸ்பேனரின் வம்சாவளியை விசாரிக்கப் புகுந்தால் 1841-ஆம் வருஷத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அதுவரையில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டம்போல மரை வெட்டிக்கொண்டிருந்தபடியால், ஓர் ஊரில் செய்த போல்ட் அடுத்த ஊர் நட்டுக்குள் ஏற மறுத்தது. ஜோசப் விட்வொர்த் என்ற யந்திர நிபுணர் பல பட்டறைகளின் மாதிரிகளைச் சேகரித்து ஒப்பிட்டு, மரைக்கு 55 பாகைக் கோணம் என்றும், இன்ன கனமுள்ள தண்டில் அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்றும் ஒரு நியதியை வகுத்தார். பின்னால் அந்த வம்சம் கிளைத்தது. நெருக்கமான சுற்றுக்கள் உடைய நுண்மரை என்று ஒன்று வந்தது. சைக்கிள் செய்பவர்கள் தங்கள் மெல்லிய குழாய்களுக்கு ஏற்றபடி 60 பாகைக் கோணத்தில் அங்குலத்துக்கு 26 சுற்று என்று வேறொன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். மின்சார சாதனங்களின் பொடித் திருகாணிகளுக்கு மற்றொன்று உண்டாயிற்று. பெரியப்பாவின் புல்லட் இத்தனை கிளைகளையும் ஒரே உடம்பில் தாங்கிக்கொண்டிருந்தது. உலகம் பெரும்பாலும் மில்லிமீட்டருக்கு மாறி வெகுகாலம் ஆன பின்பும், திருவொற்றியூரில் வார்த்து, கடைந்து, பூட்டப்பட்ட ஒரு வண்டிக்கு விக்டோரியா மகாராணி காலத்து ஸ்பேனர் தேவைப்பட்டது என்றால், அதற்குள் ஒரு சரித்திரம் இருக்கத்தானே வேண்டும்?

இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் என்ற சீமையில் ரெட்டிச் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் விற்ற தையல் ஊசிகளில் பெரும்பங்கு அந்தச் சிற்றூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்ததாயிருந்தது. நம் பாட்டிமார் காலத்தில் சீமை ஊசி என்று சொல்லி வாங்கியவற்றில் பல அங்கிருந்து கப்பலேறியவையாக இருக்கக்கூடும். அதனால் ரெட்டிச்சை நான் மனத்துக்குள் ஊசியூர் என்றே அழைத்து வருகிறேன். 1851-இல் ஜார்ஜ் டவுன்ஸெண்ட் என்பவர் ரெட்டிச்சுக்கு அருகில் ஹண்ட் எண்ட் என்ற இடத்தில் ஊசி செய்யத் தொடங்கிய தொழிற்சாலைதான், அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் சைக்கிளுக்குத் திரும்பி, 1890-களில் மிடில்செக்ஸில் இருந்த என்பீல்டு அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்த உறவினால் ராயல் என்பீல்டு என்ற பெயரையும், பீரங்கிச் சின்னத்தையும் பெற்று, 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அந்த முதல் வண்டியில் ஒன்றரைக் குதிரைச் சக்தியுள்ள சிறு என்ஜின் ஹேண்டில்பாருக்கு முன்னால், முன்சக்கரத்தின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. ஊசி, சைக்கிள், துப்பாக்கி, மோட்டார் சைக்கிள் என்ற இந்த வரிசை விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் எஃகுக் கம்பியை நேராக இழுத்து, அதற்குத் துளையிட்டு, பதம் கொடுத்து மெருகேற்றத் தெரிந்த கைகளுக்கு இவற்றில் எதுவும் அந்நியமல்ல.

புல்லட் என்ற பெயர் 1932-இல் முதன்முதலாக வந்தது. ஆனால் நாம் இன்று அந்தப் பெயரைக் கேட்டவுடன் மனத்தில் எழும் உருவம் யுத்தத்துக்குப் பிற்பட்டது. பின்சக்கரத்தை இரு கைகள்போலப் பற்றி மேலும் கீழும் அசையவிடும் ஸ்பிரிங் அமைப்போடு 1948-இல் போட்டிகளில் தலைகாட்டி, அதே வருஷம் இத்தாலியில் ஸான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் பந்தயத்தில் பிரிட்டிஷ் கோஷ்டியைச் சேர்ந்த இரண்டு புல்லட் ஓட்டிகள் தங்கப் பதக்கம் பெற, அடுத்த வருஷம் அது விற்பனைக்கு வந்தது. 70 மில்லிமீட்டர் துளையும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உடைய ஒற்றை சிலிண்டர், 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. துளை குறுகி ஓட்டம் நீண்டிருப்பதால் அந்த பிஸ்டன் அவசரப்படாது. கனத்த சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு, அடிக்கு அடி எண்ணிவிடலாம் போல நிதானமாக முழங்கும். அந்த முழக்கத்தைக் கேட்டே வீதியில் வருபவர் போலீஸ் இன்ஸ்பெக்டரா, பண்ணை முதலாளியா என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

சுதந்திரம் பெற்ற இந்தியாவின் சேனைக்கு எல்லைப்புறங்களில் காவல் சுற்ற வண்டிகள் தேவைப்பட்டபோது, சர்க்கார் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. கே. ஆர். சுந்தரம் அய்யர் நிறுவிய மதராஸ் மோட்டார்ஸ் என்ற ஸ்தாபனம் அவற்றைத் தருவித்துக் கொடுத்தது. அந்நியச் செலாவணியைக் காசு காசாக எண்ணிச் செலவிட்ட காலம் அது. முழு வண்டிகளைத் தொடர்ந்து கப்பலில் இறக்கிக்கொண்டிருக்க அரசாங்கம் சம்மதிக்காது. ஆகவே 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற கம்பெனியை ஏற்படுத்தி, திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டத் தொடங்கினார்கள். 1956-இல் அது திறக்கப்பட்டு, சீமையிலிருந்து பாகம் பாகமாக வந்த பெட்டிகளைப் பிரித்துப் பூட்டி, அந்த வருஷ முடிவுக்குள் 163 வண்டிகள் வெளியே வந்தன. மறு வருஷம் வார்ப்பு அச்சுக்களும் கருவிகளும் வந்தன. அதன் பின் சில வருஷங்களுக்குள் பாகங்களெல்லாம் இங்கேயே செய்யப்பட்டன.

திருவொற்றியூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்து, மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்து, பின் அதை மீறிக் கண்ணிழந்த தலம் அது. அங்கே ஆதிபுரீசுவரர் வருஷம் முழுதும் கவசம் தரித்திருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் நீங்கி, புனுகும் தைலமும் சாத்தப்பெற்றுக் காட்சி கொடுக்கிறார். அதே ஊரில்தான் தீக்குச்சி ஆலையும், சாணைச் சக்கரம் செய்யும் ஆலையும், புல்லட் தொழிற்சாலையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அபசாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருஷத்தில் ஒருமுறை என்ஜினின் கவசங்களைக் கழற்றி எண்ணெய் சாத்தும் பெரியப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலத்தின் நினைவு வரும்.

இனிமேல்தான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ரெட்டிச்சில் புல்லட் செய்வது 1962-இல் நின்றது. 1967-இல் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டது. யுத்தகாலத்தில் பிராட்போர்ட்-ஆன்-ஏவன் என்ற இடத்தில் குண்டுவீச்சுக்குத் தப்பப் பூமிக்கடியில் அமைத்த கிளையும் 1970-இல் முடிந்தது. ஆனால் மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சீர்வரிசை, பிறந்தகம் நொடித்துப்போன பிறகும் அப்படியே இருப்பதுபோல, 1955-ஆம் வருஷத்து வரைபடம் திருவொற்றியூரில் பெரிய மாறுதலின்றி நின்றது. ஜப்பானியர் உலகத்தின் மோட்டார் சைக்கிள் தொழிலைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தபோது, லைசென்ஸும் பெர்மிட்டும் இறக்குமதித் தடையும் சுற்றி வளைத்த நம் சந்தையில், சேனையும் போலீஸும் நிச்சயமாக வாங்கும் ஒரு வண்டியை மாற்றவேண்டிய நிர்ப்பந்தம் ஒருவருக்கும் ஏற்படவில்லை. இதைத் தொழில் வளர்ச்சியின் பெருமையாக நான் சொல்லமாட்டேன். சோம்பல் என்று ஒருவர் சொன்னால் மறுக்கவும்மாட்டேன். ஆனால் அந்தச் சோம்பலின் நிழலில் ஒரு பழக்கம் செழித்தது. 1960-இல் வாங்கிய வண்டிக்கு 1990-இல் செய்த சாமானை, கொஞ்சம் அரம் போட்டு, கொஞ்சம் சமாதானம் பேசி, பூட்டிவிடலாம். தகப்பனார் வண்டியில் கற்ற வித்தை மகன் வாங்கிய புது வண்டிக்கும் செல்லும். புதியதும் பழையதும் ஒன்றே ஆகிவிட்டபடியால் நம் நாட்டில் புல்லட்டுக்கு வயது என்பதே இல்லாமற் போயிற்று. வெள்ளைக்காரர்கள் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பழைய வண்டியைப் புதுப்பிப்பதை ஒரு விநோதக் கலையாகக் கொண்டாடுகிறார்களே, அந்தக் காரியத்தை நம்மவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் செய்துகொண்டு, அதற்குத் தனிப் பெயர்கூட வைக்காமல், "என்ஜின் இறக்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன். வண்டியை உதைத்துக் கிளப்புவதே ஓர் அனுஷ்டானம். பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரின் சிறு பொத்தானை விரலால் அமுக்கிப் பெட்ரோல் கசியும்வரை காத்திருந்து, சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். காயில் வைத்த வண்டிகளில் ஹெட்லைட் தலைமேல் உள்ள ஆம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அது நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது டிகம்ப்ரஸரைப் பிடித்து, அடைபட்ட காற்றைச் சீறலோடு வெளியே விட்டு, கிக்கரை நூலளவு கடத்தி, கையை எடுத்துவிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு உதைத்தால், முதல் உதையிலேயே கிளம்பும். முள்ளைப் பாராமல் வீரம் காட்டியவர்களைக் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை வீங்கவைத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

டாப்பட் சரிபார்க்க எந்த நவீனக் கருவியும் வேண்டாம். என்ஜின் ஆறிக் கிடக்கும் விடியற்காலையில் சிலிண்டருக்குப் பக்கத்துச் சிறு மூடியைக் கழற்றி, இரண்டு புஷ்ராடுகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். தடையின்றி உருளவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்தப் பரீட்சைக்குப் பெரியப்பா வீட்டுக் குழந்தைகளைத்தான் கூப்பிடுவார். உரம் ஏறாத விரலுக்குத்தான் உண்மை தெரியும் என்பது அவர் அபிப்பிராயம். வால்வு கிரைண்டிங் இன்னும் விசேஷமானது. வால்வின் விளிம்பில் கரகரப்பான களிம்பைத் தடவி, அதன் தண்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, தயிர் கடையும் மத்தைப்போல இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருக்க, முதலில் மணல் அரைபடுவதுபோலக் கேட்கும் ஒலி சிறிது சிறிதாக மெலிந்து, கடைசியில் பட்டுத்துணி உரசுவதுபோல ஆகும்போது நிறுத்திவிட வேண்டும். வெண்ணெய் திரளும் சமயத்தைச் சத்தத்தைக் கொண்டே அறியும் பெரியம்மா, அடுப்பங்கரையிலிருந்தபடியே "போதும், வந்துவிட்டது" என்று குரல் கொடுத்ததும் உண்டு.

புல்லட்டின் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது; என்ஜினின் அடிக்கூட்டோடு சேர்த்து வார்த்த ஓர் அறையில் அது இருக்கும். அங்கிருந்து ஒரு சிறு பம்பு எண்ணெயைக் கிராங்குக்கு அனுப்ப, அதைவிடச் சற்றுப் பெரிய மற்றொரு பம்பு கீழே வடிந்ததைத் திருப்பி எடுத்துவரும். இரண்டையும் ஓட்டுவது வலப்புறத்துத் தண்டின் முனையில் உள்ள திருகுப் பல். அந்தத் திருகுப் பல் இடமரை உடையது. இது தெரியாமல் வழக்கம்போல இடப்பக்கம் திருப்பிக் கழற்ற முயன்று, வராத கோபத்தில் இன்னும் இறுக்கி, கடைசியில் முறித்துவிட்டு விழித்தவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன். வண்டி பல நாள் நின்றுவிட்டால் பம்பின் வழியே எண்ணெய் கசிந்து அடிக்கூட்டுக்குள் நிறைந்துவிடும். கிளப்பியவுடன் வீதி மறையும்படி வெண்புகை எழும். அதற்குப் பரிகாரம், பம்பின் வட்டத் தகட்டைக் கண்ணாடிப் பலகைமேல் மெருகுக் களிம்பு தடவித் தேய்த்துச் சமப்படுத்துவது. எதிர் வீட்டார் முகஞ்சுளித்தாலொழிய அதை யாரும் உடனே செய்வதில்லை.

பேரிங் மாற்றுவதுதான் வீட்டார் எல்லோருக்கும் தெரியவரும் பெருவேலை. அலுமினியம் சூட்டில் எஃகைவிட அதிகமாக விரியும் சுபாவமுடையது. கூட்டைச் சூடாக்கினால், அதுவரை சுத்தியலுக்கும் அசையாத எஃகு பேரிங் தானாகவே கழன்று விழும். இங்கிலாந்தில் இதற்கு ரொட்டி சுடும் அடுப்பை உபயோகிப்பார்களாம். எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்தில் மூன்று கல் கூட்டி, பித்தளை அண்டாவில் வெந்நீர் கொதிக்கவைத்து, அதற்குள் கூட்டைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். தீபாவளி ஸ்நானத்துக்கென்று இருந்த அண்டா அப்படிப் பயன்படுவதைப் பெரியம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை; ஒருநாளும் தடுத்ததும் இல்லை.

சாமான் கிடைப்பது எளிதாயிருந்தது என்று இதைக் கொண்டு நினைத்துவிடக் கூடாது. கம்பெனிச் சாமானுக்கு மாதக்கணக்கில் எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டிய காலங்கள் இருந்தன. அப்போது மதராஸுக்கு ரயிலேறுவார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுச் சாமான் கடைகளில் விசாரித்து, விலை கேட்டு வாய்மூடி, கூவம் ஓரத்துப் புதுப்பேட்டைக்கு நடந்தால், அங்கே உலகத்து வண்டிகளெல்லாம் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து குவிந்து கிடக்கும். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போகும்வரை அதன் பழைய புத்தகக் கடைகளிலே வண்டிக் கைப்புத்தகங்களைத் தேடித் திரிந்தவர்களும் உண்டு. தேடியது அகப்படாவிட்டால் கடைசிப் புகலிடம் லேத் பட்டறை. அங்கே ஒரு கலப்பு மணம் நடந்திருக்கிறது. நம் தச்சரும் கொத்தரும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் ஒரு நூல் என்பார்கள். விட்வொர்த் எட்டில் மூன்று என்று பொறித்தது எங்களூர்ப் பட்டறையில் மூன்று நூல் போல்ட் ஆயிற்று. ஊசியூரிலிருந்து வந்த யந்திரத்துக்கு நூல் நம் ஊரில் காத்திருந்தது என்று நான் சொன்னபோது, பட்டறைக்காரர் சிரிக்காமல், "ஒரு நூல் குறையுது, வாஷர் போட்டுக்குங்க" என்றார்.

வருஷாந்தர வேலைக்கு முகூர்த்தம் ஆயுத பூஜை. அதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியை இறக்கி, கார்பனைச் சுரண்டி, பிரேக் லைனிங்கைத் தேய்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுத்து, பழுப்புக் காகிதத்தைக் கூட்டின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி கேஸ்கெட் வெட்டிப் பூட்டி, சரஸ்வதி பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு நிறுத்திவிடுவார்கள். பூஜை நாளில் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்ற சம்பிரதாயத்தால்தான் அந்த வேலை வருஷம் தவறாமல் குறித்த நாளுக்குள் முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளித்தோற்றத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய கோயிலைப் புதுப்பிப்பதை ஜீர்ணோத்தாரணம் என்பார்கள். அதைச் செய்பவர்களில் கல்வெட்டைக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு, கல்வெட்டின் மேல் மணலை வீசி அடித்துத் துடைத்துவிடுகிறவர்களும் உண்டு. வண்டிக்கும் அப்படியே. டாங்கியின் மேல் உள்ள பொற்கோடுகள் திருவொற்றியூரில் அச்சு வைத்து ஒட்டியவையல்ல. பரம்பரையாக அத்தொழில் செய்யும் குடும்பத்தார் நீண்ட மயிர்த்தூரிகையை ஒரே மூச்சில் இழுத்துக் கையால் போட்டவை. இன்று புதுப்பிக்கிறவர்கள் முதல் காரியமாக அந்த டாங்கியைச் சுரண்டி, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, கண்ணாடிபோல டூக்கோ அடித்து, ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். துருப்பிடித்த இடத்தைத் துடைத்து, அரிப்பு பரவாமல் செய்து, மங்கிய கோட்டை மங்கியபடியே விட்டுவைப்பவர்கள்மீது எனக்கு மரியாதை. பளபளப்புக்காகக் குரோமியப் பூச்சை எல்லா இடத்திலும் ஏற்றுகிறவர்களைப் பற்றி எழுதப் புகுந்தால் கட்டுரையின் சாந்தம் கெடும்.

சரித்திரம் சில சமயம் நல்ல வேடிக்கை காட்டும். 1977-இல் திருவொற்றியூர் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகத் தொடங்கின. அங்கே வண்டி செய்த ஆலை மூடிப் பத்து வருஷம் கடந்திருந்தது. ரெட்டிச்சில் பிறந்த வண்டியை வீட்டுக் கொட்டகையில் வைத்துச் சீராட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயர், தம் தகப்பனார் காலத்து பிஸ்டனுக்கும் கியர்ப் பல்லுக்கும் வங்காள விரிகுடாக் கரையிலிருந்து வரும் பெட்டியை எதிர்பார்க்க வேண்டியவரானார். சுங்கச் சாவடியில் கப்பல் திரும்பிய அந்தத் திசையை விட்வொர்த்தோ டவுன்ஸெண்டோ கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

கம்பெனி பின்னர் கைமாறி, 1994-இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்து, ராயல் என்பீல்டு என்ற பழம்பெயரை மீண்டும் சூட்டிக்கொண்டது. வார்ப்பிரும்பு சிலிண்டரும் தனிக் கியர்ப்பெட்டியும் உடைய என்ஜின், புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல், 2010-ஐ ஒட்டி ஓய்வுபெற்றது. அந்நாள் வரை வலக்காலால் கியரும் இடக்காலால் பிரேக்குமாக ஓட்டிய வண்டியும், குதிகாலால் ஒரே தட்டில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் சிறு கைப்பிடியும், இரவோடிரவாகப் பழம்பொருள்களாகிவிட்டன. வயதே இல்லாதிருந்த வண்டிக்கு ஒரே நாளில் ஐம்பது வயது வந்துவிட்டது. இடையில் சட்டமும் விழித்துக்கொண்டது. 2021-இல் மத்திய அரசாங்கம் வகுத்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த வாகனத்தை விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பலகையில் மாநிலத்தின் எழுத்துக்களுக்குப் பின் வி.ஏ. என்று சேரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக்கூடாது. கண்காட்சிக்கும், ஊர்வலத்துக்கும், எரிபொருள் நிரப்பவும், பழுது பார்க்கவும் போகலாம். அதோடு, சட்டகத்திலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ மாறுதல் செய்யும்படியான பெரிய ஓவர்ஹாலுக்கு உட்படாமல் ஆதி ரூபத்தில் இருக்கவேண்டும் என்பதும் விதி. மூன்று முறை போர் அடித்து, இரண்டு முறை கிராங்கை மாற்றி, புதுப்பேட்டைச் சக்கரமும் எங்களூர் லேத் போல்ட்டும் பூண்டு, எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பரோடு நிற்கும் பெரியப்பாவின் வண்டியில் ஆதி ரூபம் எது என்று எந்த அதிகாரி தீர்மானிப்பார்? ஓடுவதற்காகவே மாற்றப்பட்ட வண்டி, மாறாமலிருந்தால் மட்டுமே கௌரவிக்கப்படும், கௌரவிக்கப்பட்டால் ஓடக்கூடாது. நான் விண்ணப்பம் போடவில்லை. பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டு மெதுவாக ஓட்டிவருகிறேன்.

சென்ற மாதம் என்ஜினின் இடப்புறத்தில் ஓர் உறுமல் கேட்டது. செயின் மூடியைக் கழற்றினேன். புல்லட்டில் அந்தப் பெரிய மூடியை நடுவில் உள்ள ஒரே நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் அது என்றும் எண்ணெய் சிந்தும். உள்ளே பார்த்ததில் பேரிங் ஆயுள் முடிந்திருந்தது. புதிய பேரிங் வாங்குவதில் சிரமமில்லை. ஆனால் கூட்டைச் சூடாக்க வேண்டுமே? காஸ் அடுப்பில் வைக்கும் பாத்திரம் எதிலும் அது முழுகவில்லை. ஆகையால் பாகப்பிரிவினைக்குப் பின் முதன்முறையாக, பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியப்பாவின் மூத்த மகன் வீட்டுக்குப் போய், அண்டாவை ஒருநாள் இரவல் கேட்டேன். அண்ணன் பத்திரிகையிலிருந்து தலை தூக்கவில்லை. அண்ணி உள்ளே போய், புளி போட்டுத் தேய்த்துப் பொன்போல வைத்திருந்த அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து வாசற்படியருகே நிறுத்தினாள்.

"எதுக்குத் தம்பி, கல்யாணமா?"

"இல்லை அண்ணி, வண்டிக்கு."

அவள் சற்று நேரம் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்துவிட வேண்டும்" என்று சொல்லி, ஒரு காகிதத்தில் இரண்டு உருண்டை புளியையும் மடித்து அதற்குள் போட்டாள்.